ரீசெட் செய்த பிறகு மிஞ்சியது

என் ஃபோன் என்னைத் திருடி என்று சொன்ன நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் நான் ஜாகா வேலை பார்க்கிறேன். கேட்டைத் திறப்பது, மூடுவது, லோரி நம்பரை எழுதுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வந்து சுவரில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டங்களை ஃபோனில் பிடிப்பது. நான் சுற்றினேன் என்பதற்கு அந்த ஃபோன்தான் சாட்சி. ஒரு வெள்ளிக்கிழமை காலை கம்பெனியின் ஆப்பைத் திறந்தால் உள்ளே விடவில்லை. இந்த ஃபோன் ரூட் செய்யப்பட்டது, இதில் ஆப் ஓடாது என்று மலாயில் சிவப்பு எழுத்து வந்து நின்றது.

ரூட் என்றால் என்ன எழவு என்று எனக்குத் தெரியாது. சுப்பர்வைசர் வந்து விளக்கினார். ஃபோனைச் செய்தவர்கள் உள்ளே ஒரு பூட்டுப் போட்டுத்தான் அனுப்புவார்களாம். அதை உடைத்துவிட்டு ஃபோனைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைப்பதற்குப் பெயர் ரூட். அப்படி உடைத்தவர்கள் வீட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டே, கேட்டில் நிற்பதாகக் கம்பெனிக்குக் காட்டுவார்களாம். அவர்களைப் பிடிக்கத்தான் ஆப்பை மாற்றியிருந்தார்கள். வேலையை விட்டுப்போன இன்னொரு ஜாகாவிடம் அந்த ஃபோனைப் பழையதாக வாங்கியிருந்தேன். அந்த மனுஷன் ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் எப்படி அத்தனை சுற்றுச் சுற்றினான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நாசமாய்ப் போனவன்.

திங்கட்கிழமைக்குள் சரிசெய்துகொண்டு வரச் சொன்னார் சுப்பர்வைசர். "ரீசெட் போடுங்கக்கா. எல்லாம் போயி, கடையில வாங்குன மாதிரி ஆயிரும்லா."

எல்லாம் போய்விடும் என்று காதில் விழுந்ததும் ஃபோனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என் மகளுடைய ஐசி, அடையாள அட்டை, அந்த ஃபோனில்தான் இருந்தது. அதாவது, அவளுக்கு இன்னும் கிடைக்காத ஐசி. அது கிடைப்பதற்கு எங்கள் கையில் இருந்த ஒரே ஆதாரம்.

இதைச் சொல்ல இருபது வருடம் பின்னால் போக வேண்டும். அப்போது மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகாமல் வயிற்றில் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போனால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று லயம் என்னும் வரிசை வீட்டிலேயே பெற்றாள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிள்ளை இல்லை. முப்பதாம் நாள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பிள்ளையை முறத்தில் கிடத்தினார்கள். நான் ஒரு படி தவிட்டை அம்மன் காலடியில் கொட்டிவிட்டு, முறத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை. எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் என்ன பத்திரம் வேண்டும்? ஆத்தாவே சாட்சியாக நிற்கிறாள். சர்க்கார் ஆபீஸ் என்று ஒன்று இருப்பது அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் புத்தி எங்கே வேலை செய்யும்? ஒரு மாதத்துக்குள் அந்தப் பெண்ணை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த ஊர் என்று நானும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் விழித்துக்கொண்டோம். அங்கே ஓடி இங்கே ஓடி ஒரு சூராட் பெரானாக் வாங்கினோம். பிறப்புப் பத்திரம்தான், ஆனால் குடியுரிமை என்ற இடத்தில் 'பெலும் டிதெந்துக்கான்' என்று போட்டிருந்தது. இன்னும் தீர்மானிக்கவில்லை என்று அர்த்தம். பன்னிரண்டு வயதில் கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் ஐசி எடுத்துவந்து ஒருவர் ஃபோட்டோவைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் கக்கூசுக்குள் போய் நின்றுகொண்டாளாம், அவளுடைய டீச்சர் சொன்னார். ஐந்தாம் படிவத்துக்குப் பிறகு காலேஜ் இல்லை, லைசன்ஸ் இல்லை, பேங்கில் கணக்கு இல்லை. தெரிந்தவர் ஒருவரின் துணிக்கடையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்தொன்று முடிவதற்குள் மனுப் போட்டாக வேண்டும், தாண்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும் என்றார்கள். இருபது முடிந்து ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்ல வாய் வரவில்லை, ஆனால் சொல்லாவிட்டால் கதை நிற்காது. பெற்றவள் காய்ச்சலில் செத்துப்போய்விட்டாள் என்று மகளிடம் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தேன். பயம்தான் காரணம். ஒருநாள் இவள் அவளைத் தேடிக்கொண்டு போய்விடுவாளோ என்ற பயம். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் இதற்காக என்னைத் திட்டுவார். அவரும் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு என்னைத் திட்ட ஆளில்லை, பொய் பாட்டுக்கு நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஊர் சர்ச் மண்டபத்தில் ஓர் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மேசை போட்டு உட்கார்ந்து, கோயில், சர்ச் என்று பார்க்காமல் எல்லாருக்கும் விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருவார். கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் சொன்னார், பெற்றவள் உயிரோடு இருந்து, அவள் இந்த நாட்டுக் குடிமகள் என்று காட்ட முடிந்தால் வழி பிறக்கும் என்று. பழைய தோட்டத்து ஆட்களைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் கோலா கெடா மீன் பசாரில் அவளைக் கண்டுபிடித்தேன். மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். ஆள் இளைத்துப்போய், முகத்தில் ரத்தமே இல்லை. கல்யாணமாகி இரண்டு ஆண் பிள்ளைகள். வீட்டில் யாருக்கும் பழைய கதை தெரியாது. இருந்தாலும், ஃபோனில் சொல்கிறாயா என்று கேட்டதும் சரி என்றாள்.

பசாருக்குப் பின்னால் ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த கொட்டகையில் வைத்து வீடியோ எடுத்தேன். எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது நிமிடம் இரண்டு பேரும் பேசித் தீர்த்தோம். எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த நாள், யார் பிரசவம் பார்த்தது, எல்லாம் சொன்னாள். நடுவில், பிள்ளை தன்னைப் பற்றிக் கேட்குமா என்றாள். நீ செத்துப்போய்விட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன், அவள் முகத்துக்கு நேரே. ஒரு தடவை தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அவள் குடிமக்களுக்குக் கொடுக்கும் தன் நீல ஐசியை எடுத்துக் காட்டினாள். அந்த நேரம் ஃபோனில் இடம் நிரம்பி வீடியோ நின்றுபோனது.

பக்கத்துக் கடையில் போய் மெமரி கார்டு ஒன்று வாங்கிப் போட்டேன். இனி எடுப்பதெல்லாம் கார்டிலேயே சேரும்படி கடைக்காரர் வைத்துக் கொடுத்தார். யாராவது கார்டைக் கழற்றி எடுத்துப்போனால் பார்க்க முடியாதபடி பூட்ட முடியுமா என்று நானாகவே கேட்டேன். முடியும் என்று பூட்டிக் கொடுத்தார். கொட்டகைக்குத் திரும்பி, வேண்டியதை மட்டும் சொல் என்று அவளிடம் சொல்லி மறுபடியும் எடுத்தேன். நாலே நிமிடம். என் குரலே இல்லாத சுத்தமான வீடியோ. புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியக்கூடாது, ஆபீஸ் கேட்கும்வரை இது உங்கள் ஃபோனை விட்டு வெளியே போகக்கூடாது என்றாள். அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

தாயும் மகளும்தான் என்று காட்டும் ரத்தப் பரிசோதனைக்கு அவளைக் கூட்டிப்போகத் தேதி கேட்பதற்குள், தைப்பூசம் கழிந்த கையோடு அவள் போய்விட்டாள். கல்லீரலாம். பசாரில் அவளோடு வேலை பார்த்த ஒரு பெண் ஃபோன் செய்து சொன்னாள்.

சர்ச் அக்கா அந்த வீடியோவை அனுப்பி வையுங்கள், நான் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டார். சத்தியம் செய்திருக்கிறேன் அக்கா என்று சொல்லிச் சொல்லி வாயடைத்தேன். சத்தியம் உண்மைதான். ஆனால் அது எனக்குச் சாக்காகவும் இருந்தது. வீடியோ என் கையை விட்டுப் போனால் என்றைக்காவது மகள் கண்ணில் பட்டுவிடும். ஆபீஸ் தேதி நெருங்கும்போது அந்த நாலு நிமிடத்தை மட்டும் அவளுக்குக் காட்டி, நானும் பெற்றவள் செத்துவிட்டதாகத்தான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆக, இரண்டாவது பொய்யும் தயார். அந்தப் பத்தொன்பது நிமிடத்தை அழிக்க மூன்று நாலு தடவை விரலை வைத்தேன். மனசு வரவில்லை. அதில் அவள் ஓரிடத்தில் சிரித்தாள்.

இப்போது ரீசெட்டுக்கு வருகிறேன். மகளின் குடியுரிமை மனுவுக்கு ஆபீசில் நேர்காணல் அடுத்த புதன்கிழமை. வேலைக்குக் கெடு திங்கட்கிழமை. சனிக்கிழமை மத்தியானம், மகள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து உட்கார்ந்தேன். கார்டைக் கழற்றி பிளாஸ்டிக்கில் சுற்றிச் சாமி மேடையில் வைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள். நல்ல வீடியோ பத்திரமாகக் கார்டில் இருக்கிறது, கெட்ட வீடியோ ஃபோனில் இருக்கிறது. என் விரலால் செய்ய முடியாததை ரீசெட் செய்துவிடும், பாவம் என் தலையில் விழாது என்று எண்ணிக்கொண்டே பொத்தானை அமுக்கினேன்.

ஃபோன் அணைந்து எழுந்தது. வழக்கமான படம் வரவில்லை. கறுப்புத் திரையில் சின்னச் சின்ன இங்கிலீஷ் எழுத்து வரிவரியாக ஓடியது. அப்படி ஒன்றை நான் அந்த ஃபோனில் பார்த்ததே இல்லை. பிறகு மறுபடியும் அணைந்து, புது ஃபோன் மாதிரி என்ன பாஷை வேண்டும் என்று கேட்டது. அப்பாடா என்று கார்டைப் போட்டேன். வீடியோவின் பெயர் இருந்தது. எடுத்த தேதி இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுப் படமும் இருந்தது. தொட்டேன், திறக்கவில்லை. கார்டைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ஃபோனை அணைத்துப் போட்டேன். நம்பிக்கை இல்லாமலேயே ஊதிப் போட்டேன். திறக்கவில்லை. கம்பெனி ஆப்பை இறக்கிப் பார்த்தேன், அதே சிவப்பு எழுத்து. இந்த ஃபோன் ரூட் செய்யப்பட்டது.

எது போக வேண்டும் என்று நான் ரீசெட் போட்டேனோ அது அசையாமல் இருந்தது. மகள் ஆறு மணிக்கு வந்துவிடுவாள். அவளுடைய வாழ்க்கை அந்த நகத்தளவு கார்டுக்குள் இருக்கிறது, அதை நானே பூட்டி, சாவியை நானே தொலைத்திருக்கிறேன். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? செத்துப்போனவளை மறுபடி எங்கே போய்ப் பேசச் சொல்வேன்? அக்கம்பக்கத்தில் சொல்லி அழக்கூட வழியில்லை, எதற்கு அழுகிறாய் என்று கேட்டால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும்.

கிராப் வாடகைக் கார் பிடித்துச் சுங்கை பட்டாணிக்கு ஓடினேன். அங்கே ஃபோன் ரிப்பேர் செய்யும் நம் ஆள் ஒருவர் இருக்கிறார், நாற்பது வயது இருக்கும், பேச்சைவிட வேலை அதிகம். கார்டைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார். ரீசெட் போடுவதற்கு முன்னால் கார்டின் பூட்டை எடுத்தீர்களா என்று கேட்டார். பூட்டை எடுக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"கார்டோட சாவி கார்டுல இல்லக்கா. ஃபோனே ஒரு சாவி செஞ்சு உள்ளுக்குள்ள வச்சிருந்துச்சு. ரீசெட்ல அது போயிருச்சு. இனிமே இத நானும் திறக்க முடியாது, செஞ்ச கம்பெனிக்காரனும் திறக்க முடியாது."

நான் அவர் கடையில் இருந்த பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் மகளின் ஐசி அதில்தான் இருந்தது, பேசினவள் செத்துப்போய்விட்டாள் என்று மட்டும் சொன்னேன். அவர் தண்ணீர் பாட்டில் ஒன்றைத் திறந்து என் கையில் வைத்தார். பிறகு, ரூட் ஏன் போகவில்லை என்று சொன்னார். ரீசெட் நாம் சேர்த்து வைத்ததைத்தான் துடைக்குமாம். ரூட் உட்கார்ந்திருப்பது ஃபோன் ஓடுவதற்கான அடிமட்டத்தில், அங்கே ரீசெட்டின் கை போகாது. அதைப் போக்க வேண்டுமானால் ஃபோன் கம்பெனியின் பழைய மென்பொருளையே கணினியிலிருந்து முழுதாக ஏற்ற வேண்டும். இதெல்லாம் என் காதில் விழுந்ததே தவிர மண்டைக்குள் போகவில்லை. புதன்கிழமை, புதன்கிழமை என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அவர் ஃபோனை மறுபடி அணைத்து ஏதோ இரண்டு பொத்தானைச் சேர்த்துப் பிடித்தார். நான் பார்த்த அதே கறுப்புத் திரை வந்தது. அவர் புருவம் உயர்ந்தது. ரூட் செய்தவன் கம்பெனி வைத்திருந்த ரீசெட் பகுதியையே தூக்கிவிட்டு வேறொன்றை வைத்திருக்கிறான், ரீசெட் போட்டால் இப்போது இதுதான் ஓடும் என்றார். சாதாரண ஃபோன் என்றால் துடைத்து வழித்துவிடும். இது ஆப்பையும் அமைப்புகளையும் மட்டும் அழிக்கும், படம் வீடியோ இருக்கும் இடத்தைத் தொடாது. வயரை மாட்டிக் கணினியில் திறந்தார். என் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. மகளின் பிறந்தநாள், செத்துப்போன என் பூனை, கேட்டில் வந்து நின்ற லோரிகள். கடைசியில் ஒரு வீடியோ, பத்தொன்பது நிமிடம்.

"இதாக்கா?"

உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அதுதான். ஆனால் வந்த உயிர் அடுத்த நிமிடமே மறுபடி போனது. அது அந்தக் கெட்ட வீடியோதான். பாதுகாத்து, பூட்டி, சாமிக்குப் பக்கத்தில் வைத்தது போய்விட்டது. அழிந்து தொலையட்டும் என்று விட்டது முழுசாக உட்கார்ந்திருக்கிறது. அதில் அவள் எல்லாம் சொல்கிறாள், ஐசியையும் காட்டுகிறாள். நடுவில் நான் பேசுகிறேன்.

ஓரிடத்தை மட்டும் வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். எங்கிருந்து எதுவரை வெட்ட வேண்டும் என்று கேட்டுக் கையைச் சுட்டியில் வைத்தார். சொல்ல வேண்டுமானால் அவர் முன்னால் நான் அதைப் போட்டுக் கேட்க வேண்டும். வெட்டினால் ஆபீசில் தெரியுமா என்று கேட்டேன். பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்தால் தெரியும், தேதியும் இன்றைய தேதியாகிவிடும் என்றார். வெட்டின வீடியோவைக் கொண்டுபோய் நீட்டினால், இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று மொத்தத்தையும் தள்ளிவிட்டால்? என் மானமா, மகளின் ஐசியா என்று வந்து நின்றது. அரை மணி நேரம் அந்த முக்காலியில் உட்கார்ந்து யோசித்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. யோசிக்க என்ன இருக்கிறது அதில்? வெட்ட வேண்டாம் என்றேன். முதலில் இரண்டு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ரூட்டைப் போக்கும் வேலையில் கை வைத்தார். இந்தத் தடவை உண்மையிலேயே எல்லாம் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தார்.

மறுநாள் ஞாயிறு, மகளும் நானும் சர்ச் மண்டபத்துக்குப் போனோம். அக்காவிடம் மட்டும் காட்டிவிடலாம், மகளை வெளியே உட்காரவைக்கலாம் என்று ஒரு கடைசி நப்பாசை இருந்தது. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. மனுப் போடுவது அவள், அவள்தான் பார்த்துவிட்டுச் சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பார்க்காத ஒன்றுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவாள் என்றார். நியாயம்தான். வழியெல்லாம் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை வாயைத் திறந்து, மூன்று தடவையும் சாப்பாட்டைப் பற்றிப் பேசினேன்.

மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் போனதும் அக்கா தன் மடிக்கணினியில் பென்டிரைவைச் செருகினார். வீடியோ ஓடியது. மகள் முதலில் யார் இது என்று என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன் அம்மா என்று அக்காதான் சொன்னார். அதற்குப் பிறகு மகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் சிரித்த இடம் வந்தது. இவளுக்கும் அப்படித்தான் ஒரு பக்கமாக உதடு ஏறும். இதோ வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று நொடியை எண்ணிக்கொண்டிருந்தேன். வந்தது. பிள்ளை என்னைப் பற்றிக் கேட்குமா என்று அவள். நீ செத்துப்போய்விட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று நான். என் குரல் அவ்வளவு கறாராக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடனைத் திருப்பிக் கேட்க வந்தவளிடம் பேசுகிற மாதிரி இருந்தது. தூரத்திலிருந்து ஒருதடவை. வேண்டாம். அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

கடைசியில் பெற்றவள் தன் ஐசியைக் கேமராவுக்கு நேரே பிடித்தாள். ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு அதைப் பர்சில் வைத்துக்கொண்டே, பிள்ளையிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் அக்கா, நான் அவளை என்று ஆரம்பித்தாள். வீடியோ நின்றது.

இப்போ அவங்க எங்கே என்று மகள் கேட்டாள். செத்துப்போய்விட்டாள், தைப்பூசம் முடிந்து என்றேன். இது எப்போது எடுத்தது என்றாள். அதற்கு நாலு மாதம் முன்னால் என்றேன்.

"நாலு மாசம். கோலா கெடாவுக்கு மூணு பஸ்தானேம்மா."

என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கோபப்படவில்லை. தூரத்தைத்தான் கணக்குப் பார்த்தாள். நான் அழ ஆரம்பித்தேன், அவள் என்னைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. பிறகு திரையில் நின்றுபோயிருந்த அந்த முகத்தைக் காட்டிக் கேட்டாள்.

"அதுக்கப்புறம் என்ன சொன்னாங்க?"

அந்த நொடிதான் எல்லாவற்றையும்விட எனக்குப் பயமாக இருந்தது. கார்டு திறக்காதபோதுகூட அவ்வளவு பயம் இல்லை. ஏனென்றால் எனக்குத் தெரியாது. அவள் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது. ஃபோன் நின்றுபோச்சே, இடம் நிரம்பிப்போச்சே என்று நான் அதைத் தட்டிக்கொண்டிருந்தேன். இரு இரு, நின்றுபோய்விட்டது, போய் என்னவென்று கேட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்ததும் வேண்டியதை மட்டும் சொல் என்றேன். அவளும் வேண்டியதை மட்டும் சொன்னாள். என்ன சொல்ல வந்தாய் என்று நான் கேட்கவே இல்லை.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். உன்னை நினைக்காத நாளில்லை என்று சொன்னாள் என்றிருக்கலாம். முறத்தில் போட்ட அன்றைக்கு அழுதேன் என்று சொல்லச் சொன்னாள் என்றிருக்கலாம். அது பொய் என்று சொல்ல இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. அவளுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கும் கொஞ்சம் மன்னிப்புக் கிடைத்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியலம்மா. ஃபோன் நின்னுபோச்சேன்னு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவ சொன்னத நான் கேக்கல."

மகள் அக்காவிடம் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

புதன்கிழமை ஆபீசில் ஓர் அம்மா முழு வீடியோவையும் பொறுமையாகப் பார்த்தார், இரண்டு மூன்று கேள்வி கேட்டார். பிறகு அந்த லயத்தில் இருந்த பழைய ஆட்கள் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிப்போனோம். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் தபால்காரர் மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். குடியுரிமை கிடைத்துவிட்டது என்று ஒருநாள் கடிதம் வந்தது. ஐசிக்கு விரல் ரேகை வைப்பதற்கு முன் மகள் கட்டைவிரலை இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள். இப்போது அவள் சுங்கை பட்டாணியில் தையல் டிப்ளோமா படிக்கிறாள், பேங்கில் கணக்கு இருக்கிறது, மோட்டார் லைசன்ஸ் எடுத்தாயிற்று. லைசன்ஸ் கிடைத்த வாரமே கோலா கெடாவுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். என்னைக் கூப்பிடவில்லை. எங்கே போனாள், யாரைப் பார்த்தாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த வீடியோவைத் தன் ஃபோனில் வைத்திருக்கிறாள்.

எப்போதாவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பாள். "ஞாபகம் வந்துச்சாம்மா?" என்னவென்று நான் கேட்பதில்லை. இல்லை என்று மட்டும் சொல்வேன். சரி என்று சாப்பாட்டைத் தொடர்வாள். அவள் கேட்கிற கேள்விக்கு அல்ல, எனக்குத்தான் நான் பயப்படுகிறேன். வயதாகிக்கொண்டிருக்கிறது. அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கிற ஏதோ ஒரு நாளில், ஆமாம், வந்துவிட்டது என்று எதையாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.